இரண்டாம் ஆள் பார்க்காத செய்தி

மச்சான்,

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து பச்சிலை அரைக்கும் வாசம் வந்தது. போய்ப் பார்த்தேன். டம்ளரில் சாறு, பக்கத்தில் பேப்பர். 'சர்க்கரை நோய்க்கு முடிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அந்த வீட்டுப் பெண் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. "மொதல்ல ஊசியப் போடும்மா, மத்தத அப்பால பேசலாம்" என்று வாசலை மறித்து நின்றேன். "பேப்பர்காரனவிட உனுக்குத் தெரியுமா அண்ணாத்தே?" என்று அவள் அம்மா சண்டைக்கு வந்தாள். வரட்டும். அந்தப் பெண் ஊசி போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

உனக்கும் சின்ன வயதிலிருந்தே ஊசிதான். ஆவடி தொழிற்சாலையில் நம் இருவருக்கும் சோதனைப் பிரிவில் ஒரே மேசை. நான் அளந்து எழுதியதை நீ பார்க்கக் கூடாது. நீ தனியாக அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் முத்திரை. ஒருநாள் மேலதிகாரி அவசரப்படுத்தியபோது, "என் கண்ணு பாக்காம சீல் உழாது சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட உன்னிடம் அன்று இதேபோல் ஒரு செய்தியை வெட்டி எடுத்துவந்தவன் நான். கொரட்டூர் ஸ்டேஷனில் வாங்கிய பேப்பர். ஏதோ ஒரு கல்லூரியில் எலிகளுக்கு இலைச்சாறு கொடுத்தார்களாம், சர்க்கரை இறங்கியதாம். நீ இரண்டு தடவை படித்தாய்.

"இன்னா மாமே, பேப்பர்லயே போட்டுகிறான். செக் பண்ணாமயா உட்டிருப்பான்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு ஆணிக்கே இரண்டு ஆள் வைக்கிறோம், உயிர் விஷயத்தில் வைக்காமலா இருப்பான்? முத்திரை குத்திப் பழகிய நமக்கு அச்செழுத்தும் ஒரு முத்திரையாகத் தெரிந்துவிட்டது. மறுநாளே ஊசியை நிறுத்திவிட்டு இலைச்சாறுக்கு மாறினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடுவே சரிந்தாய். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோனது.

"ஆண்டவர் சித்தம்ண்ணா" என்று உன்னைக் கட்டிய என் தங்கச்சி அழுதாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் செய்தியைப் போட்டது ஆண்டவர் இல்லை.

பத்திரிகை ஆபீசுக்கே போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் பொறுமையாகத்தான் பேசினார். "ஆராய்ச்சி நடக்குதுன்னு போட்டோம் சார். மருந்தை நிறுத்தச் சொன்னோமா?"

"எத்தனை எலி? மனுஷனுக்குக் குடுத்துப் பாத்தாங்களா? ரெண்டாவதா யார் சோதிச்சாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. எழுதியவருக்கும் தெரியாதாம். மாதங்கள் கழித்து, அந்தச் சோதனையை வேறிடத்தில் செய்தபோது பலன் தெரியவில்லை என்று நான்கு வரி வந்தது, உள்பக்கத்தில், வரிவிளம்பரங்களுக்குக் கீழே. அதைப் படிக்க நீ இல்லை.

அன்றிலிருந்து இப்படி எந்தச் செய்தி வந்தாலும் அதே மூன்று கேள்விகளைத் தபால் கார்டில் எழுதிப் பத்திரிகைக்குப் போடுகிறேன். ஒன்றைக்கூட அவர்கள் பிரசுரித்ததில்லை. பைத்தியம் என்று ஆபீசில் பேர் வைத்திருப்பார்கள். வைக்கட்டும்.

வெட்டி எடுத்துவந்த கை என்னுடையது, மச்சான். பாதிப் பழி எனக்கு. அதை நான் எவன் தலையிலும் கட்டவில்லை. மீதிப் பாதியை அவர்கள் வாங்கிக்கொள்ளும்வரை விடமாட்டேன். இன்றைக்கும் ஒரு கார்டு எழுதிவிட்டேன். போய்த் தபாலில் போட வேண்டும்.