மூன்று தடவை கூப்பிட்டார்கள்

சென்னை, ஜூலை 1983

அன்புள்ள தங்கம்மாளுக்கு,

சர்வேசுரன் கருணையில், முன்பல் ஒன்று தவிர மற்றபடி முழுசாக இருக்கிறேன். பாலக்கோட்டில் நீயும் மாடும் சுகம்தானே?

கல்லூரி நேர்காணலில் மூன்று தடவை பெயர் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். நம் பிலோமினா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். அடுத்த பெண்ணின் அப்பன் யார் தெரியுமா? நம் இண்டூர் ராஜப்பன்! என் வாயைப் பொத்திச் சுவரோடு அமுக்கினான்.

“ஒம் பொண்ணு அடுத்த வருசம் படிக்கட்டும் மச்சான்!”

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கடித்தேன். அவன் உள்ளங்கை கிழிந்தது. முழங்கையால் என் பல்லைப் பெயர்த்தான். மூன்றாவது தடவைக்கு ரத்தம் தெறிக்கக் கத்தினேன்: “இருக்குதுங்க சார், எம் பொண்ணு!”

இடம் கிடைத்துவிட்டது. அவள் விடுதிக்குப் போய்விட்டாள். அறையில் என் குறட்டையைத் திட்டக்கூட ஆளில்லை. ராகி மாவு அனுப்பு, களிக்குப் பல் வேண்டாம்.

தக்காளி மண்டிக்கு வரும்போது ராஜப்பன் நம் வீட்டுக்கு வருவான். அவன் மகளுக்கு இடமில்லை. அவன் வலக்கையில் கட்டு இருக்கிறது. சோற்றைப் பிசைந்தே கொடு.

வேலைக்கு முதலாளி கூப்பிடுகிறார்.

சவுரியப்பன்