ஈயத்தின் தோலும் ஒரு லாபக்காயும்

என் கோமதி அம்மணிக்கு,

நம் யாழினி டாக்டர் ஆகிவிட்டாள். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தியைக் கடைசியில் வைத்தால் உனக்குப் பிடிக்காது.

நீ விட்ட இடத்தில்தான் அவள் ஆய்வைத் தொடங்கினாள். ஈய அணுவின் கருவில் புரோட்டான்களைவிட நியூட்ரான்கள் அதிகம்; மிஞ்சியவை வெளிப்பக்கம் ஒதுங்கி மெல்லிய தோல்போல நிற்கும். அந்தத் தோலை வெளியே தள்ளும் அழுத்தம்தான், வானத்தில் நியூட்ரான் நட்சத்திரம் தன் எடையாலேயே நொறுங்கிவிடாமல் தாங்குகிறது. தோல் தடித்தால் நட்சத்திரமும் பருக்கும். சூரியனைவிடக் கனமான அந்த நட்சத்திரம், நம் ஊர்க் காந்திபுரத்தில் தொடங்கினால் தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்துக்குள், இருபத்தைந்து கிலோமீட்டரில், முடிந்துவிடும். இதை முதன்முதலில் நீ சொன்னபோது நான் நம்பவில்லை, நினைவிருக்கிறதா?

உன் ஆய்வேட்டில் அந்தத் தோலின் தடிமனை ஒரே எண்ணாகச் சொல்லாமல், இதிலிருந்து இதற்குள் என்று அகலமான ஒரு வரம்பாக எழுதியிருந்தாய். "இவ்வளவு அகலமா விட்டா இதுக்குப் பேரு விடையா?" என்று தேர்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சம் குறைத்துப் போட்டால்தான் என்ன என்று, அப்போது நிருபராக அலைந்துகொண்டிருந்த நானும் கேட்டேன்.

"ஏனுங்க, விபத்துல எத்தனை பேரு செத்தாங்கன்னு தெரியலைன்னா, நீங்களா ஒரு எண்ணிக்கையப் போட்டு அனுப்பிருவீங்களா?"

நீ மேலும் சொன்னாய்: "எங்க தோப்புல லாபக்காய் இல்லாம வண்டி ஏத்துவாங்களா? அழுகலும் பிஞ்சும் இருக்கத்தானுங்க செய்யும்." உடுமலைப்பேட்டையில் தேங்காய் விற்கும்போது எண்ணிக்கைக்கு மேல் சேர்த்துக் கொடுக்கும் காயைத்தான் சொன்னாய்; கணக்கில் பிழைக்கு விடும் இடமும் உனக்கு அப்படித்தான். பட்டம் தாமதமானது. உனக்கு வரவேண்டிய பதவியும் வேறொருவருக்குப் போனது. நீ ஒரு எண்ணையும் மாற்றவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு அளவுகள் வந்தன. ஈயத்தை அளந்தவர்கள் தோல் தடித்தது என்றார்கள். கால்சிய அணுவில் அதே தோலை அளந்தவர்களோ மெல்லியது என்றார்கள். இன்னும் வழக்குத் தீரவில்லை. துல்லியமாகச் சொன்ன பலருடைய கணக்கு ஒரு பக்கம் இடித்தது. உன்னுடையது இரண்டுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது.

"அவ்வளவு பெரிய பந்தல் போட்டா யாரு வேணா உள்ள வரலாமுங்கப்பா" என்று உன் மகள் கிண்டல் செய்தாள். ஆனால் அவளும் ஒரு வரம்பைத்தான் எழுதினாள். குறைக்கச் சொன்னார்கள், மறுத்தாள். உன்னைப்போல அவளுடைய பட்டமும் தள்ளிப்போகுமோ என்ற பயம் எனக்கு.

போன வாரம் வாய்மொழித் தேர்வு. நானும் உன் அண்ணனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கம்மா ஆய்வேட்டையும் படிச்சேன். நீங்களும் அதே மாதிரி அகலமா விட்டிருக்கீங்களே?"

"அம்மா விட்டதுல பாதிதானுங்க சார். நட்சத்திரங்களை அளந்தவங்க சொன்னதையும் சேர்த்ததால அவ்வளவு குறைக்க முடிஞ்சுது. மீதியக் குறைக்க இன்னும் யாரும் அளக்கலைங்க. நானாக் குறைச்சா அது பொய்யாயிருமுங்க."

உன் அண்ணன் என் காதில், "மாப்ள, புள்ள லாபக்காய் போட்டுத்தான் பேசுது. பாஸ் பண்ணுவாங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தேர்வாளரே சொன்னார்: "இந்த வரம்பு இருக்கிற பக்கத்துல ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

உன் அண்ணன் கைதட்டிவிட்டார். அங்கே கைதட்டக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் உனக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். தப்பா, அம்மணி?

சொந்த மகள் என்பதால் செய்தியை நான் எழுதவில்லை. எங்கள் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருத்தி எழுதிக் காட்டினாள். வரம்பை விட்டுவிட்டு நடுவில் இருந்த ஒற்றை எண்ணை மட்டும் போட்டிருந்தாள். "இடம் பத்தலைங்க சார்" என்றாள். நீ அன்று என்னிடம் கேட்ட விபத்துக் கேள்வியை அவளிடம் கேட்டேன். உடனே, அப்பாவான என் படத்துக்கு ஒதுக்கிய இடத்தை எடுத்து வரம்பைச் சேர்த்தாள்.

இனி என் கையில் வரும் எந்தச் செய்தியிலும், தெரியாததைத் தெரிந்ததாக எழுத விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
டாக்டர் யாழினியின் அப்பா