மடைக்கதவு விழுமுன் ஒரு குரல் வேண்டும் என்பது பற்றி

அனுப்புபவர்:
அ. இருதயம்மா,
பிள்ளைக்காம்பரா ஆயா,
கீழ்ப்பிரிவு, சாம்பல்மலைத் தோட்டம்,
லுணுகலை.

பெறுபவர்:
கனம் அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
பதுளை.

விஷயம்: தண்ணீரை அறிந்து தானாகவே மடையை அடைக்கும் இயந்திரத்தால் பிள்ளைகளுக்கு நேர்ந்துள்ள ஆபத்தும், தொழிலாளி தேவதாசனின் வேலைநீக்கமும்.

கனம் ஐயா,

1. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நான் பல வருஷமாக ஆயாவாக இருக்கிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தவள் ஆகையால் இம்மனுவை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும். எனக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமை உண்டா இல்லையா என்பது இன்னும் விசாரணையில் இருப்பதால், பிரஜை என்ற முறையில் எழுத எனக்கு வழியில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2. எங்கள் பிள்ளைக்காம்பரா பழைய ஓடைக்கரையில் இருக்கிறது. அந்த இடத்தில் தேயிலை சரியாக வராது என்பதால் அங்கே கட்டினார்களாம். மேலே உள்ள தண்ணீர்க்கட்டிலிருந்து தொழிற்சாலை எஞ்சினுக்கு ஒரு வாய்க்கால் போகிறது. வெள்ளம் வந்தால் அந்த வாய்க்காலின் மடையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சேறு எஞ்சின் அறைக்குள் புகுந்துவிடும். அடைத்தால் தண்ணீர் அத்தனையும் பழைய ஓடையில் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

3. மடையைப் பார்த்துக்கொண்டவர் தேவதாசன். அவர் ஒருநாளும் சொல்லாமல் மடையை அடைத்ததில்லை. மேட்டில் நின்றபடி, "ஆயா, மட போடப் போறேங்க! புள்ளைகள தூக்குங்க!" என்று கத்துவார். நானும் எனக்கு ஒத்தாசையாக உள்ள லூசியாவும் தரையில் தவழும் பிள்ளைகளைத் தூக்கி, உயரமாகக் கட்டியிருக்கும் சமையல் குசினி அறையில் விடுவோம். சீலைத் தொட்டிலில் தூங்கும் பிள்ளைகள் அப்படியே தொங்கட்டும் என்று விட்டுவிடுவோம். எல்லாம் முடிந்ததும் நான் தகரத்தைத் தட்டுவேன். தகரச் சத்தம் கேட்ட பிறகே அவர் கதவை இறக்குவார். நாளடைவில் பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டது. தேவதாசனின் குரல் கேட்டால், பேச்சு வராத பிள்ளைகூட விளையாட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கும். இதைத் தாங்கள் நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள்.

4. 1957ஆம் வருஷ மார்கழி வெள்ளத்தில் தொழிற்சாலைக்குள் சேறு புகுந்துவிட்டது. அந்த நேரம் தேவதாசன் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆகவே மனிதனை நம்ப முடியாது என்று தோட்டத்தார் முடிவு செய்து, இவ்வருஷம் மாசி மாதம் ஓர் இயந்திரத்தைப் பூட்டினார்கள். கட்டுக்கரையில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் பக்கச் சுவரில் ஒரு துவாரம். உள்ளே இரண்டு பித்தளைக் கம்பிகள். தண்ணீர் ஏறித் துவாரத்தின் வழியாகப் புகுந்து இரண்டு கம்பியையும் நனைத்தால் மின்சாரம் ஓடி, கொக்கி விலகி, கதவு தானாக விழும். தோட்டத்துத் துரை அவர்கள் எல்லோரையும் அழைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். கதவு விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் தேவதாசனைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். கத்துவதும் அவர் வேலையில் ஒரு பாதி என்பது அன்று ஒருவருக்கும் நினைவில்லை.

5. சென்ற புரட்டாசி மாதத்தில் ஒருநாள் பிற்பகல். எங்கள் பக்கம் நல்ல வெயில். கழுவிய சீலைகளை வெளியே காயப்போட்டிருந்தோம். மழை பெய்தது மேல்மலையில். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? இயந்திரத்துக்குத் தெரிந்தது. கதவு விழுந்தது. நான் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படிக்கு மேல் சிவப்புத் தண்ணீர். லூசியாவும் நானும் கைக்கு அகப்பட்ட பிள்ளையை எல்லாம் தூக்கினோம். இராக்கம்மாவின் மகள் குணமணி, ஒன்றரை வயதுப் பிள்ளை, அகப்படவில்லை. ஓடை நிறம் மாறியதைப் புல்வெட்டு மலையிலிருந்து கண்ட தேவதாசன், கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வேலிக்கம்பியில் சிக்கிக்கிடந்த பிள்ளையைத் தூக்கினார். பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். அந்த டாக்டர் ஐயாவுக்கு ஆண்டவர் குறை வைக்கமாட்டார். பிள்ளை வீடு வந்துவிட்டது. ஆனால் இப்போது தட்டு விழுந்த சத்தம் கேட்டாலும் கையைத் தூக்கிக்கொண்டு அழுகிறது. தரையில் விட முடிவதில்லை.

6. பிறகு கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து, மறுபடியும் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போனார். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் பத்மநாதன் ஐயா நல்ல மனிதர். அவரும் மனம் வருந்தித்தான், "மிசினிலை ஒரு பிழையும் இல்லை, இருதயம்மா. அது தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு" என்றார். ஐயா, நானும் அதையேதான் சொல்கிறேன். இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்குத் தண்ணீரைத் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் சொன்னோம், பிள்ளைக்காம்பராவரை ஒரு கம்பி இழுத்து ஒரு மணி பூட்டுங்கள் என்று. வருகிற வருஷத்து எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. வருகிற வருஷத்துக்கு முன்னால் இந்த வருஷத்துக் கார்த்திகையும் மார்கழியும் இருக்கின்றன.

7. அதன்பின் தேவதாசன் செய்ததை நான் மறைக்காமல் எழுதுகிறேன். மழை இருட்டிவந்தால் அவர் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர்க்கட்டுக்கு ஏறிப் போவார். தாம் போர்த்தியிருக்கும் கம்பளியின் நுனியை அந்தத் துவாரத்தில் வைத்து அடைப்பார். அடைத்துவிட்டு முன்போல் எங்களைக் கூப்பிடுவார். கம்பளி ஊறி உள்ளே ஈரம் இறங்குவதற்குள் நாங்கள் பிள்ளைகளைத் தூக்கித் தகரத்தைத் தட்டிவிடுவோம். தட்டியதும் கம்பளியை உருவிவிடுவார். கதவு விழும். இப்படிச் செய்த ஒரு தடவையாவது தொழிற்சாலைக்குள் சேறு போனதா என்று விசாரித்துப் பார்க்கவும். ஒரு சொட்டும் போகவில்லை.

8. பெட்டிக்குள் கம்பளி நூல் இருப்பதைக் கண்டுபிடித்து, இயந்திரத்தைக் கெடுக்கப் பார்த்தார் என்றும், வேலைநேரத்தில் மலையை விட்டுப் போனார் என்றும் அவர்மேல் குற்றம் எழுதி, வேலையை விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். இம்மாத முடிவில் அவர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டுமாம். கட்டுப்பக்கம் போனால் பொலிஸில் கொடுப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இத்தோட்டத்தில் பிறந்து, மனைவியை இத்தோட்டத்திலேயே அடக்கம் செய்த மனிதர் எங்கே போவார்? கேட்டால், "நான் போறது இருக்கட்டும் ஆயா, மழைக்கு யாரு கூப்பிடுறது?" என்கிறார். அந்த நூல் அவருடைய கம்பளி நூல்தான். அதைக் கெடுதலுக்கு வைக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி. எந்தக் கோட்டு விசாரணையில் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

9. ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது: தாங்களோ தங்கள் உத்தியோகத்தர் ஒருவரோ இம்மாதம் முடிவதற்குள் நேரில் வந்து ஓடையையும் வாசற்படியையும் பார்க்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் ஒரு மணி பூட்டி, அது அடித்துச் சற்றுநேரம் கழித்தே கதவு விழும்படி செய்யத் தோட்டத்தாருக்குக் கட்டளையிட வேண்டும். தேவதாசனின் பத்துச்சீட்டை நிறுத்திவைக்க வேண்டும்.

10. மணி வந்த அன்றே அவரை அனுப்பிவிடலாம் என்று தோட்டத்தார் சொல்லக்கூடும். அது போதாது, ஐயா. எங்கள் பிள்ளைகளுக்கு மணி பழக்கமில்லை. மணி அடித்தால் எங்கே அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், கையைத் தூக்கமாட்டார்கள். மணியும் அவர் குரலும் சிலகாலம் சேர்ந்து கேட்க வேண்டும். மணியை மட்டும் கேட்டு எங்கள் பிள்ளைகள் கையைத் தூக்குகிற அன்று நானே தங்களுக்கு எழுதுகிறேன். அதுவரையில் தேவதாசனை எங்களிடம் விட்டுவையுங்கள்.

இடம்: சாம்பல்மலைத் தோட்டம்
திகதி: 9.11.1959

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அ. இருதயம்மா

இதை வாசிக்கக் கேட்டுச் சம்மதித்தவர்கள்:
லூசியா (கையொப்பம்)
இராக்கம்மா, குணமணியின் தாய் (பெருவிரல் அடையாளம்)
மற்றும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை விட்டிருக்கும் தாய்மார் அனைவரின் பெருவிரல் அடையாளங்கள் மறுபக்கத்தில் உள்ளன.