பத்தியில் சொல்லப்படவில்லை

அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது உன்னிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. அது இதுதான்: நான் இந்த ஆங்கிலத் தேர்வை மூன்றாம் முறை எழுதப் போவதில்லை. காலையில் குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். துணி காயப்போடும்போதும் சொல்லிப் பார்த்தேன். கோபப்படாமல், அழாமல் சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு வாய்க்குப் பழகியிருந்தது. அம்மா போனை என்னிடம் தந்தபோது நாக்கு நுனி வரை வந்தது. ஏன் விழுங்கினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் முடியாது. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு, அம்மா நடுவில் உட்கார்ந்து பேசுவது. மெசேஜ் அனுப்பினால், "அக்கா என்னடி சொல்றா?" என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். கடிதம் எழுதுபவளை மட்டும், பாடம் எழுதுகிறாள் என்று நினைத்து விட்டுவிடுகிறாள்.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கொட்டாவிட்டால் மற்றது வராது.

இரண்டாம் முறையும் அதே கதைதான். கேட்பதில் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வருகிறது. எழுதுவதும் பேசுவதும் போதுமானது. படிப்பதில் அரை மதிப்பெண் குறைவு. நீ இருக்கும் நாட்டில் லேப் டெக்னீஷியனாகப் பதிவு செய்ய நான்கிலும் தேறியாக வேண்டும் என்பதால், ஒன்றில் அரை போனாலும் நான்கும் போனதுதான். சிறு வயதிலிருந்து புத்தகமும் கையுமாக அலைந்தவள் நான். படிப்பதிலா தவற வேண்டும்? நீச்சல் தெரிந்தவள் குளியலறையில் முழுகின மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "சோறு ஆறுறது தெரியாம கதைப்புத்தகத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கிடந்தியே, அந்தப் படிப்பெல்லாம் எங்கடி போச்சு?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாடி வீட்டு அத்தையிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அத்தை இப்போது படியில் பார்க்கிறபோதெல்லாம், "ஃப்ளைட்டு எப்போம்மா?" என்கிறார். லேபில் இன்னும் மோசம். முதல் முறை நான் எழுதப் போனபோதே அவசரப்பட்டு எனக்குப் பிரிவு உபசார கேக் வெட்டிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? போன வாரம் வரவேற்பில் இருக்கும் பெண், "அந்த கேக்கு செரிச்சே போச்சு, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய், ஏற்கெனவே துடைத்திருந்த மைக்ராஸ்கோப்பை மறுபடி துடைத்தேன்.

பயிற்சி வகுப்பு சாருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அரை மார்க் சார். யார் எதில் தவறினாலும், "அரை மார்க்தானேம்மா, கண்ண மூடித் திறந்தா வந்துடும்" என்பார். நானும் கண்ணை மூடித் திறந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் எங்கே தடுக்கி விழுகிறேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது, அதுதான் ஆத்திரம். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே சில வாக்கியங்களைத் தருவார்கள். ஒவ்வொன்றும் சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவில்லையா என்று குறிக்க வேண்டும். நீயும் எழுதித்தான் போனாய், மறந்திருக்க மாட்டாய். அந்த மூன்றாவதுதான் என்னைக் கவிழ்க்கிறது.

ஒரு மாதிரித் தேர்வில் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றிப் பத்தி. விளக்கை இயந்திரமே ஏற்றி இயந்திரமே அணைக்கும் காலம் வந்து, அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகும் அவர் தினமும் மாலையில் படியேறிப் போய் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வருகிறார். வாக்கியம்: 'அவருக்கு வேலையைவிட்டுப் போக விருப்பமில்லை.' நான் யோசிக்கவே இல்லை. சரி என்று குறித்தேன். விடைத்தாளில், பத்தியில் சொல்லப்படவில்லை என்று இருந்தது.

சாரிடம் சண்டைக்குப் போனேன். வயசான மனுஷர் யாரும் கூப்பிடாமல் அத்தனை படி ஏறி அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார் சார், இதற்கு மேல் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தாளு மனசு உனக்கு எதுக்கும்மா? மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்க? துடைச்சாரு, அவ்ளோதான். ஏன் துடைச்சாருன்னு பத்தி சொல்லலைன்னா நீயும் சொல்லாத" என்றார். வகுப்பே சிரித்தது. காது வரை சூடாகிவிட்டது எனக்கு.

அவர் சொல்வது சரி என்பதுதான் எரிச்சல். லேபில் நான் அதைத்தானே செய்கிறேன்? குழாயில் இருப்பதை எழுதுகிறேன், நோயின் பெயரை எழுதுவதில்லை. சில நேரம் எண்ணைப் பார்த்த உடனே இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பேன். ஆனாலும் வெளியே பெஞ்சில் காத்திருப்பவரிடம் முகத்தில் எதையும் காட்டாமல் கவரைக் கொடுத்துவிட்டு வருகிறேன். வேலையில் முடிகிற அந்த அடக்கம் ஒரு பத்தியின் முன்னால் முடியவில்லை. இரண்டு வரிக்கு நடுவில் யாராவது மூச்சுவிட்டால் எனக்குக் கேட்டுத் தொலைக்கிறது.

கேட்கும் தேர்வில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. கீழே கிரில் பட்டறை, மேலே அத்தையின் மிக்ஸி, ஹாலில் அம்மாவின் சீரியல். இதற்கு நடுவில் உட்கார்ந்து பழகியவளுக்குத் தேர்வறையின் அமைதி கல்யாண விருந்து மாதிரி. அதில் ஒரு பழைய தந்திரம் உண்டு. பேசுகிறவர் முதலில் வியாழக்கிழமை என்பார். கொஞ்சம் தள்ளி, இல்லையில்லை, வெள்ளிக்கிழமை என்று திருத்துவார். முதலில் சொன்னது தூண்டில். அதை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டுவதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மா, "மாப்பிள்ளை எங்கடி?" என்று கேட்டாள். தூங்குகிறார் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்திருந்தா ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்" என்றாள். கடைக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாய். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையை மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள், பிறகு மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிகிற கதைக்குப் போய்விட்டாள். கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தேர்வின் விதிப்படி இரண்டாவதாகச் சொன்னதுதான் விடை. எனக்கு இரண்டையுமே எழுதத் தோன்றவில்லை.

அத்தான் இருக்கும் வீட்டின் சத்தம் எனக்குத் தெரியும், அக்கா. டிவியில் மேட்ச் ஓடும். அதற்கு மேல் அவருடைய இருமல். எங்களோடு பேசிக்கொண்டே நீ வாயைத் திருப்பி, "கொஞ்சம் சத்தத்தக் குறைங்களேன்" என்று கத்துவாய். உன் போனில் அந்த வாக்கியத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போதெல்லாம் உன் குரலுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கிறது, பிறகு அது நிற்பது கேட்கிறது.

இன்னொன்று. நான் முதல் முறை எழுதியபோது, "இங்க வந்தா தனியா ஒரு ரூம் பாத்துக்கலாம்டி, இருக்கிற இன்னொரு ரூம்ல உங்க அத்தான் ஆபீஸே நடத்துறார்" என்றாய். அது எனக்கு லேசாக வலித்தது, சொல்லவில்லை. இப்போது கேட்டால், "தனி ரூம் எதுக்கு? அந்த ரூம் சும்மாதான கிடக்கு" என்கிறாய்.

அரை மார்க் சாரிடம் காட்டினால் மூன்றுக்கும் ஒரே விடைதான் சொல்வார். சரிதான். நீ எதையும் சொல்லவில்லை. அதனால் நானும் எதையும் குறிக்கவில்லை. இரண்டு முறை குட்டுப்பட்டதில் அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வாரா வாரம் மாதிரித் தேர்வு அனுப்புகிறாய், அது முடியும் முன்னே மார்க் எவ்வளவு என்று கேட்கிறாய். "உன் எதிர்காலத்துக்காகத்தான் சொல்றேன்" என்கிறாய். எனக்கு இங்கே பிடித்த வேலை இருக்கிறது. அலமாரியின் எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய நூலகம் இருக்கிறது. பிறகு யாருக்காக இந்தக் கலங்கரை விளக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்று கேட்டுவிடத்தான் அந்த வாக்கியத்தைத் தயார் செய்தேன்.

அம்மா போனைத் தந்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். நீ மார்க்கைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "சீக்கிரம் வந்துடுடி" என்றாய். எதிர்காலம் என்ற சொல்லே அதில் இல்லை. உடனே, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். விடுமுறை நாளில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

அதனால்தான் விழுங்கினேன்.

நான் நினைப்பது தவறு என்றால் திட்டி எழுது. புத்தகம் படித்தே கெட்டுப்போன கழுதை என்று எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தவறில்லை என்றால் ஒரே ஒரு வரி போதும். காரணம் வேண்டாம், யார் மேல் தப்பு என்று வேண்டாம். அந்த வரி வந்தால் மூன்றாம் முறை எழுதுகிறேன், பத்தாம் முறையும் எழுதுகிறேன். புலம்பாமல் எழுதுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் என் எதிர்காலத்துக்காக எழுதச் சொல்லாதே. யாருக்காக எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டு எழுதவிடு.

கேட்கும் தேர்வில் ஒலிப்பதிவை ஒரு முறைதான் போடுவார்கள். இது கடிதம். இன்னொரு முறை படித்துவிட்டுப் பதில் எழுது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. தூங்கப் போகும் முன் வாசல் கதவைப் பூட்டினாயா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கை


அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. "அவர் வீட்ட விட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சு. அம்மாகிட்ட நீ சொல்லாத, நானே நேர்ல வந்து சொல்லிக்கிறேன்" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, லேபில் என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வீட்டில் வைக்கவில்லை. உனக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். எழுதியது எதுவும் அனுப்பும்படி இல்லை. தேர்வை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

தேர்வு எழுதினேன். படிப்பதில் தேறிவிட்டேன், தாராளமாகவே. கேட்பதில் அரை மதிப்பெண் போய்விட்டது. ஒலிப்பதிவில் ஒரு பெண் வீட்டுத் தரகரிடம், சின்ன வீடாக இருந்தால் போதும், நான் ஒருத்திதான் என்றாள். நான் அவளோடு அங்கேயே நின்றுவிட்டேன். மறுபடி காது திறந்தபோது அடுத்த மூன்று கேள்விகளும் போய்விட்டிருந்தன. அரை மார்க் சார் இந்த முறை கண்ணை மூடித் திறக்கச் சொல்லவில்லை. "நீ என்னம்மா, வீட்டுக்குள்ளயே வழி மாத்தி மாத்தித் தொலையிற?" என்றார். நான்காம் முறைக்குப் பதிவு செய்துவிட்டேன். லேபில் யாருக்கும் சொல்லவில்லை, கேக் பயம்.

நீ அடுத்த சனிக்கிழமை வருகிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். ஜன்னல் பக்கம் இருக்கும் கட்டில் உனக்கு. அதன் மேல் குவித்திருந்த என் பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். நீ இருக்கும் வரை நான் தரையில் படுக்கிறேன். பேச வேண்டும் என்று இல்லை, நீ வந்தால் போதும்.

நல்லபடியாக வந்து சேர்.

தங்கை

பின்குறிப்பு: அம்மா, எத்தனை டிக்கெட் என்று கேட்டாள். ஒன்று என்றேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையா என்று அவள் கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, ஹாலில் மாட்டியிருந்த உங்கள் கல்யாணப் போட்டோவை இறக்கினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.