சைக்கிளில் வேலைக்குப் போகும் மகளுக்கு

என் செல்லக் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீ அனுப்பிய படம் வந்தது. ஆய்வுக்கூட வாசலில் வரிசை வரிசையாகச் சைக்கிள், நடுவில் நீ. அந்த ஊரில் சைக்கிளுக்கென்று தனிப் பாதையாம், உன் மேலதிகாரியே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மிதித்து வருகிறாராம். அம்மா அந்தப் படத்தை அக்கம்பக்கத்தில் யாருக்கும் காட்டவில்லை. இங்கே வேலைக்குச் சைக்கிளில் போனால், 'பாவம், என்ன கஷ்டமோ' என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் முக்குக் கடையில் பால் வாங்கவே காரில் போகிறவர். நானும் லேசுப்பட்டவன் இல்லை. இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்து, இந்தத் தெருக்களைக் காரால் நிரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்று நடந்தது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஜெராக்ஸ் கடை முன்னால் நம் காரை நிறுத்தினேன். மடியிலிருந்த விண்ணப்பத் தாள்கள் சரிந்தன. அள்ளிக்கொண்டே கதவைத் திறந்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. 'பின்னால பாத்துட்டு அப்புறம் கதவைத் தொடுங்க' என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறவன் நான். டமாரென்று சத்தம். ஒரு பெண் சைக்கிளோடு நடுரோட்டில் கிடந்தாள். பின்னால் வந்த வேன் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஒரே ஒரு சாண்.

உன் வயதுதான் இருக்கும். மருந்துக் கடையில் வேலையாம். கண் திறந்ததும், 'மணி என்னங்க? கடைச் சாவி என்கிட்டதான் இருக்கு' என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காறை எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

அங்கே ஓடிவந்த அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, 'எவனோ கதவைத் திறந்து தள்ளிட்டான், நீங்க மட்டும் தூக்கிட்டு வரலைன்னா என் பிள்ளை என்னாயிருப்பா' என்று அழுதார். அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காரை எடுக்கவே இல்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லி வகுப்புக்கும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரோட்டில் கிடப்பது நீயாகத் தெரிகிறது.

நாளைக் காலை அந்த அம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். போலீசுக்குப் போவதானால் போகட்டும். என் கையைப் பிடித்து அழுத அந்த முகம் மாறுமே, அதைப் பார்க்கத்தான் பயம். இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் போவேன். உனக்குத் தெரிந்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது.

சைக்கிளை விட்டுவிடு என்று கெஞ்சத்தான் தாளை எடுத்தேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ நூறு வயது நன்றாக இரு. உங்கள் ஊர் டிரைவர்கள் நல்லவர்கள், பார்த்து ஓட்டுகிறார்கள் என்கிறாய். உன் அப்பாவும் நல்ல டிரைவர்தானே அம்மா. அதனால் சொல்கிறேன், ஓரமாக நிற்கிற காரை ஒட்டிப் போகாதே.

உன் அப்பா