நீண்ட ஜெபம்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

வேலை பழகிவிட்டது. ஊரின் எல்லாக் குழாய்த் தண்ணீரும் சீசாக்களில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் நாளெல்லாம் தண்ணீரோடு இருக்கிறேன். மாடி அறை நன்றாக இருக்கிறது. கீழ்வீட்டில் டிவி பார்த்துச் சிரிப்பது இங்கே கேட்கும். சில நாள் நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். திங்கள் காலை கடையில் சோப்பு கேட்டபோது குரல் கம்மியிருந்தது. வெள்ளி மாலைக்குப் பிறகு யாரோடும் பேசவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் பழக்கியபடி கண்மூடி ஜெபிக்கிறேன். வீட்டில் செய்ததைவிட நீளமாகவே செய்கிறேன்.

வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நம் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைப்பது கஷ்டம். நான் என்ன செய்யட்டும்?

அன்பு மகள்,
பாப்பா

ஜூன் 11

பாசமுள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுறது.

உன் கடிதத்தை வேன்லயே உட்கார்ந்து படிச்சேன். ஸ்கூல் பிள்ளைங்க வர்றதுக்குள்ள திரும்பவும் படிச்சேன். நீ நீளமா ஜெபிக்கிறதை ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சாட்சியாச் சொன்னேன். பாஸ்டரே தலையாட்டினார். அம்மா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பா.

நம்ம வீட்டில காலேஜ் படிச்ச முதல் ஆள் நீ. ஆண்டவர் வச்ச இடத்தில திருப்தியா இரு, முணுமுணுக்காதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சமைக்கிறேன். ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டுச் சாப்பிடுறேன். எனக்காக நீ வரணும்னு அவசியமே இல்லை.

அப்பா

ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

சாப்பாட்டு அறையில் எல்லாரும் கூட்டங்கூட்டமாக உட்காருவார்கள். என் எதிர் நாற்காலி மட்டும் காலி. அதைப் பார்க்க வேண்டாமென்றுதான் கண்ணைத் திறக்காமல் இருந்தேன். சொல்ல வார்த்தை தீர்ந்த பிறகும் மூடியே இருந்தேன்.

நேற்று சீசா கழுவும் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, நீ கண்ணைத் திறக்கிறதுக்குள்ள எங்க டிபன்பாக்ஸ் காலியாயிடுது. சாமி கும்பிடுற பொண்ணைக் கலைச்சா பாவம்னு ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல. கொஞ்சம் சுருக்கமாத்தான் கும்பிடேன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இன்று அவரோடு சாப்பிட்டேன். அதிகம் பேசவில்லை. எனக்குத்தான் வராதே.

மாலையில் அறை அதே அறைதான். கதவைச் சாத்தியதும், "ஆண்டவரே, தனியாக இருக்கிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அதன்பிறகு காய் நறுக்க முடிந்தது.

வாயை மூடிக்கொண்டிருப்பதையே திருப்தி என்று நினைத்துவிட்டேன், அப்பா. உங்கள் ரேடியோவைப் பற்றிப் படித்தபோது, நீங்களும் அப்படித்தானோ என்று தோன்றியது. எனக்கு ஒரு கடிதம் முழுக்கக் குறை மட்டும் எழுதுங்கள். அதைப் படித்த பிறகுதான் சம்மதம் சொல்வேன், அல்லது கிளம்பி வருவேன்.

பாப்பா

ஜூன் 25

பாப்பா,

குறைதானே கேட்டே, வாங்கிக்கோ. முட்டி வலிக்குது, கிளட்சை மிதிச்சா உயிர் போகுது. பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கவே மாட்டேங்கிறார். உன் பெரியப்பா வந்தா போறதில்லை, போனா வர்றதில்லை. நான் சமைக்கிறதைத் தெருநாய்கூட மோந்து பார்த்துட்டுப் போகுது. ரேடியோவில பேசுறவங்க யாரும் என்கிட்ட பேசுறதில்லை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் வேன்லயே உட்கார்ந்திருக்கேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கல.

இவ்வளவும் எழுதிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரேடியோ போடல. ஜெபம் சின்னதாத்தான் வந்துச்சு, ஆனா பொய் இல்லாம வந்துச்சு.

நீ சம்மதம் சொல்லிடு. எனக்காக வேலையை விட்டுட்டு வந்தா, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக் குறையில்லைன்னு சொல்லிக்கிட்டே காலத்தை ஓட்டிடுவோம். எனக்குத் திருப்தி இன்னும் வரல. இந்த வயசுல இனிமேதான் கத்துக்கணும்.

அடுத்த மாசம் ஸ்கூலுக்குச் சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு வருது. நான் வர்றேன். உன் அறையில ரெண்டு தட்டு இருக்கா? இல்லைன்னா எழுது, கொண்டு வர்றேன்.

அப்பா