கேமரா பார்க்கிற பக்கம்

அம்மாவுக்கு வணக்கம். கண்ணுல மங்கல் இன்னும் இருக்கா? "பரவாயில்லை"ன்னு மழுப்பாம உள்ளதைச் சொல்லு. நான் நல்லா இருக்கேன். விரல்ல ஒட்டின பசைதான் போகமாட்டேங்குது.

பொம்மைகளை இம்மி இம்மியா நகர்த்திப் படம் பிடிக்கிறாங்கல்ல, அதுங்களுக்கு வீடு கட்டுறதுதானே என் வேலை? போன வாரம் ஒரு கூத்து. டைரக்டர் கேமராவை ஒரு சாண் தள்ளி வச்சுட்டார். அழகான அடுப்படிக்குப் பின்னால வெறும் பலகையும் ஆணியும் பல்லை இளிச்சுது. எல்லாரும் சிரிச்சோம். கேமரா பாக்கிற பக்கத்தை மட்டும்தான் நாங்க கட்டுவோம்.

நேத்து வீடியோ கால்ல அண்ணன் கை நழுவி போன் சாஞ்சுது. எப்பவும் உனக்குப் பின்னால தெரியிற அந்த நீலச் சுவருக்குப் பக்கத்துல ஸ்கூட்டர் சக்கரமும் இரும்பு ஷட்டரும் இருந்துச்சு. உன் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சதா சொன்னான். உன்னை வண்டி நிறுத்துற இடத்துல தங்க வச்சுட்டு, அங்க ஒரே ஒரு சுவருக்கு அடிச்சிருக்கான். கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறான்! நீயும் அவனுக்காகச் சிரிச்சுக்கிட்டே இருந்தே. அப்பா கட்டின வீடும்மா அது. போன்ல கேட்டா பேச்சை மாத்துவே, அதான் எழுதுறேன்.

உன் பழைய நூல் புடவை ஒண்ணு அனுப்பு. பொம்மை வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கணும். மிச்சத்தை நான் போத்திக்கிறேன்.

வேலைக்கு நேரமாச்சு. அடுத்த தடவை போனை நீயே கையில வாங்கி, ஒரு சுத்து சுத்திக் காட்டு.

அண்ணா, இதை அம்மாவுக்கு நீதான் படிச்சுக் காட்டுவே. ஒரு வரி விடாமப் படி.